தானாக மூடிய பிரேக்

மார்ச் 9

வாலு,

இதைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு என் முதுகெலும்பு காரணம், கோபம் இல்லை. கோபமும் இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.

போன் வேண்டாம் என்று உன் அண்ணனிடம் நான்தான் சொன்னேன். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒரே நேரத்தில் நிறுத்துவோம், பிறகு ஒரே நேரத்தில் வைத்துவிடுவோம். கடிதம் என்றால் ஒருத்தி பேசி முடிக்கும்வரை மற்றவள் வாயை மூடிக்கொண்டிருந்தாக வேண்டும்.

இப்போது கோபம். நான் மாத்திரை மயக்கத்தில் கிடந்தபோது நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாய். ஆறு மணி நேரப் பயணம், போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி கிடையாது. நாத்தனார் என்றால் இப்படித்தான் என்று ஊரில் சொல்வார்களே, இருபத்தி இரண்டு வருஷமாக அதைப் பொய்யாக்கிவிட்டு இப்போது ஏன் உண்மையாக்குகிறாய்?

நம் கிளைடர் விழுந்ததைப் பற்றிப் பறக்கும் சங்கத்தின் விசாரணைக் குழு எனக்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. குழுவில் ஒரு வக்கீல் இருக்கிறாராம், கிளைடரைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லையாம், அவருக்கும் புரியும்படி எழுத வேண்டுமாம். நானும் எழுதத் தொடங்கினேன். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். இறக்கைக்கு ஒன்றாக மேலே ஒரு தகடு படுத்திருக்கும். இடது பக்கத்து நீல லிவரைப் பின்னால் இழுத்தால் தகடுகள் எழுந்து நிற்கும், முன்னால் தள்ளினால் உள்ளே போய்விடும். இரண்டு சீட்டுக் கிளைடரில் முன் லிவரும் பின் லிவரும் ஒரே கம்பியில் கோத்தவை, ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். இதன் பெயர் பிரேக். ஆனால் கார் பிரேக் மாதிரி நினைத்துவிடக் கூடாது. இது உயரத்தைக் குறைக்க. வேகம் மூக்கில் இருக்கிறது. மூக்கைத் தாழ்த்தினால் வேகம் ஏறும், தூக்கினால் இறங்கும். பிரேக்கைத் திறந்தால் வேகம் கரையப் பார்க்கும், அதனால் கூடவே மூக்கைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். மூடினால் கொஞ்சம் தூக்க வேண்டும். ஆகவே ஓட்டுகிறவரின் வலது கை மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கிலும் இடது கை லிவரிலும் இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று கேட்டு நடக்கும்.

இங்கே பேனா நின்றுவிட்டது. நம் கிளைடரில் அப்படியா இருந்தது? என் இடது தோள் உறைந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. முன் சீட்டில் ஸ்டிக் என்னுடையது, பின் சீட்டிலிருந்து லிவர் உன்னுடையது. ஒரு கிளைடருக்கு இரண்டு பேரிடமிருந்து ஆளுக்கொரு கை. இதை வக்கீலுக்கு எப்படி எழுதுவது? எழுதினால் என் உரிமம் அன்றைக்கே போய்விடும். மருத்துவச் சோதனையில் டாக்டர் "கையைத் தூக்குங்க" என்றார், தூக்கினேன். எந்தக் கை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு வேலி மரங்கள்வரை நினைவிருக்கிறது. அதன் பிறகு ஆம்புலன்ஸின் கூரை. நடுவில் நாம் விழுந்த அந்தப் பத்து விநாடி இல்லை. காலையில் காரில் நீ சொன்னது மட்டும் தெளிவாக இருக்கிறது: "தோளை டாக்டர்கிட்ட காட்டுங்க அண்ணி. இன்னிக்குத்தான் கடைசி. இனிமே நான் அந்த லிவரைத் தொட மாட்டேன்." அதற்குப் பிறகு மேலே போய் இறங்கும்வரை நாம் பேசிக்கொள்ளவே இல்லை.

நேராகவே கேட்டுவிடுகிறேன். எனக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்று பிரேக்கை முழுக்கத் திறந்தாயா? ஒரு வாரமாக இந்த எண்ணம் என்னோடு படுத்துக் கிடக்கிறது. இல்லை என்று சொல்லிவிடு.

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

இல்லை. இல்லை. மூன்றாவது முறையும் எழுதட்டுமா? இல்லை.

உங்களை வேண்டுமென்றே கீழே போடுகிற ஆளா நான்? அந்தக் கிளைடரில் நானும்தானே இருந்தேன்! எனக்கு ஒரு பல் ஓரம் உடைந்ததோடு போயிற்று என்பதால் நான் வெளியில் நின்று வேடிக்கை பார்த்ததாக ஆகிவிடுமா? படித்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். அப்புறம் எடுத்து நீவி வைத்தேன்.

சொல்லாமல் வந்தது தப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் இருந்திருப்பேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். வேலி மரங்களைத் தாண்டும்போது லிவர் பாதி திறந்திருந்தது, வேகம் தொண்ணூற்றைந்து. மரங்களுக்கு இந்தப் பக்கம் எதிர்க்காற்று சட்டென்று செத்துப்போனது. வேக முள் எண்பதுக்கு விழுந்தது. நீங்கள் மூக்கைத் தாழ்த்தினீர்கள். சரிதான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பின் சீட்டிலிருந்து பார்த்தால் தரை எழும்பி வருகிறது, முள் நூறைத் தாண்டுகிறது, மைதானம் தீர்ந்துகொண்டே போகிறது. என் லிப்ட்காரி புத்தி வேலை செய்துவிட்டது. பதினெட்டு வருஷமாக லிப்ட் பழுது பார்க்கிறவள் நான். வேகம் ஏறினால் பிரேக், அவ்வளவுதான் என் கைக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

அப்போதுதான் லிவர் தானாக முன்னால் தள்ளியது. என் கையை எதிர்த்துத் தள்ளியது அண்ணி. மூடிக்கொள்ளப் பார்த்தது. நான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சிக்கிக்கொண்டிருந்த எதுவோ சட்டென்று விட்டுக்கொடுத்தது, லிவர் என் வயிறுவரை வந்துவிட்டது. தகடுகள் முழுக்க எழுந்துவிட்டன. விழுந்தோம்.

இதையேதான் மறுநாள் குழுவிடமும் சொன்னேன். பிரேக் இணைப்பில் சிக்கல் என்று. நாம் பங்குபோட்டு ஓட்டியதைச் சொல்லவில்லை. "ஓட்டினது அண்ணி, லிவர் சிக்கினதும் நான் உதவிக்குக் கை வெச்சேன்" என்றேன். நீங்களும் அதையே எழுதிவிடுங்கள். படிவத்தில் இடமும் குறைவுதானே.

முதுகுப் பட்டை உறுத்துகிறதா? முடியை யார் கட்டிவிடுகிறார்கள்?

வாலு


மார்ச் 20

வாலு,

முடியை உன் அண்ணன் கட்டுகிறார். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நேற்றுப் பட்டறைக்காரர் வந்தார். நம் கிளைடரைப் போன மாதம் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர். எப்போதும் வாசலிலிருந்தே "எப்படி இருக்கீங்க, மூக்குக் கண்ணாடி டாக்டரம்மா?" என்று சத்தம் போடுகிறவர். நான் டாக்டர் இல்லை, கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள் என்று நூறு முறை சொல்லியும் விடமாட்டார். நேற்று மணியை அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை பேசாமல் நின்றார்.

அவருடைய பட்டறைச் சாவியைச் சங்கத்தில் வாங்கிவிட்டார்களாம். இனி எந்தக் கிளைடருக்கும் அவர் கையெழுத்துப் போட முடியாது. சிக்கல் இருந்ததைக் கவனிக்காமல் விட்டார் என்று பேச்சு. நீ சொன்னது அப்படிப் போய் முடிந்திருக்கிறது. உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எனக்கு எழுதியிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு இணைப்புக் கம்பியை எடுத்தார். நம்முடையது இல்லை, அதே மாதிரி ஒன்று. முழங்கை மாதிரி மடங்கும் இடத்தைக் காட்டினார்.

"லிவரை முழுக்க முன்னால தள்ளி இந்த மடிப்பைத் தாண்டினாத்தாம்மா பிரேக் பூட்டிக்கும். பூட்டைத் திறந்துட்டா, காத்து தகட்டை வெளியே இழுக்கும். லிவர் பின்னால வரப் பாக்கும். அதனாலதானே பூட்டாம கிளம்பினா மேல போனதும் பிரேக் தானா திறந்துக்குது. ஆனா உங்க நாத்தனார் என்ன சொல்லியிருக்காங்க? தானா மூடப் பாத்துச்சாம். காத்து அதைத் திறக்கும்மா. மூடாது. நாப்பது கிளைடர் பாத்தவன் நான், ஒண்ணுகூட மூடினதில்லை."

"அப்போ என்ன நடந்திருக்கும்?" என்றேன்.

"தெரியலைம்மா. உடைஞ்சிருந்தா நானே ஒத்துக்குவேன். பிரிச்சுப் பாத்தாங்க, ஒண்ணும் உடையலை. எனக்கே இப்ப என்மேல சந்தேகமா இருக்கு. எதையோ விட்டுட்டேனோன்னு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வாலு, நான் கடையில் நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்கிறவள். இந்தக் கண்ணாடியா, அந்தக் கண்ணாடியா, எதில் தெளிவாகத் தெரிகிறது? சிலர் விழிப்பார்கள். "ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்பார்கள். அவர்கள்மேல் எனக்கு எரிச்சல் வரும். இன்றைக்கு என் நிலைமை அதுதான். நீ சொல்வதைப் படித்தால் நீ சொல்வது சரி. அவர் சொல்வதைக் கேட்டால் அவர் சொல்வது சரி. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்னிடம் அந்தப் பத்து விநாடி மட்டும் இருந்தால் போதும்.

லிவர் முன்னால் தள்ளியது என்பதில் உனக்கு நிச்சயமா? யோசித்து எழுது.

அண்ணி


மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இங்கே பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு லிப்டும் நின்றுவிட்டன, மாடிக்காரர்கள் எல்லோரும் என் உயிரை வாங்குகிறார்கள்.

முன்னால்தான் தள்ளியது. கையில் உணர்ந்ததைத்தான் சொல்ல முடியும். ஏன் என்று எனக்குத் தெரியாது.

சாவியை வாங்கியது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் அவர் கைதேர்ந்தவர், எங்கே போனாலும் வேலை கிடைக்கும். கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிடும். நீங்கள் இதைக் கிளறினால் தோள் விஷயம் வெளியே வரும். வந்தால் நீங்கள் இனிமேல் பறக்கவே முடியாது. கடையில் எட்டு மணி நேரம் இருட்டறையில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இதையும் யோசித்துப் பாருங்கள்.

விட்டுவிடுங்கள் அண்ணி. படிவத்தில் நினைவில்லை என்று எழுதுங்கள். அது உண்மைதானே.

வாலு


ஏப்ரல் 3

வாலு,

இப்போது அது உண்மை இல்லை.

முதுகு தேறிவருகிறது என்று உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண்ணை வீட்டுக்கு வரவழைத்தார்கள். வந்தவள் முதுகைப் பார்த்துவிட்டு, "இந்தத் தோள் என்ன இப்படி இருக்கு?" என்றாள். மருத்துவச் சோதனை செய்த டாக்டர் பார்க்காததை அவள் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டாள். ஒரு துடைப்பக் கம்பை என் இடது கையில் கொடுத்தாள். மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"நான் என் பக்கம் இழுப்பேன். நீங்க முன்னால தள்ளுங்க. வலிச்சா விட்டுடுங்க."

தள்ளினேன். அவள் இழுத்தாள். இன்னும் தள்ளினேன். தோளுக்குள் கத்தி விட்டுத் திருப்பியது போல வலி வந்தது. விட்டுவிட்டேன். கம்பு அவள் வயிற்றில் போய் இடித்தது.

"ஐயோ, பாத்தும்மா!" என்று சிரித்தாள் அவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வலி புதிது இல்லை, இதை ஏற்கெனவே ஒருமுறை பட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே பட்டேன் என்றும் உடனே தெரிந்துவிட்டது.

மரங்களைத் தாண்டியதும் காலடியில் ஒன்றுமில்லாதது போல் கிளைடர் இறங்கியது. பிரேக் அதிகமாகத் திறந்திருக்கிறது என்று நினைத்தேன். "மூடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காலையிலிருந்து உன்னோடு பேசாமல் இருந்தேனே, அந்த வீம்பு விடவில்லை. எட்டு மாதம் மடியில் கிடந்த கை எப்படிப் போயிற்று என்று தெரியாது, போய்விட்டது. முன் லிவரைப் பிடித்துத் தள்ளினேன். அது எதிர்த்து இழுத்தது. காற்று இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் தள்ளினேன். அது நீ.

வலித்தது, விட்டுவிட்டேன். வலியில் மறுகையால் ஸ்டிக்கையும் பின்னால் இழுத்திருக்கிறேன். மூக்கு மேலே, வேகம் எழுபதுகூட இருந்திருக்காது, தகடுகள் முழுக்க எழுந்து நிற்கின்றன. தகடு எழுந்த இறக்கைக்கு வழக்கத்தைவிட அதிக வேகம் வேண்டும், அதுவும் இல்லை. பிறகு எது தாங்கும்?

லிவர் தானாக மூடவில்லை. கம்பி சிக்கவில்லை. பட்டறைக்காரர் எதையும் விடவில்லை. ஒருத்தி இறக்கவும் ஒருத்தி காப்பாற்றவும் ஒரே லிவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறோம். சங்கத்தில் சேர்ந்த முதல் நாள் நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? கட்டுப்பாட்டை எடுக்கிறவர் "என் கையில்" என்று சொல்ல வேண்டும், மற்றவர் "உங்கள் கையில்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். நாம் குடும்பம் அல்லவா, நமக்கெதற்கு அந்தச் சம்பிரதாயம் என்று விட்டுவிட்டோம்.

திங்கட்கிழமை படிவத்தை அனுப்பப் போகிறேன். தோள், பங்குபோட்டு ஓட்டியது, எல்லாவற்றையும் எழுதுவேன். உன் உரிமத்துக்கும் சேதாரம் வரும், அதற்கு என்னை மன்னித்துவிடு. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தக் கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தை நீ பார்த்திருந்தால் என்னைத் தடுக்க மாட்டாய்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். நீ என் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாய். என் கை போனதை நீ பார்க்கவில்லையா?

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணி,

பார்த்தேன்.

இதை எழுத மூன்று தாள் கிழித்துவிட்டேன். நான் முழுப் பொய்யும் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று பூசி மெழுகினேன். கொஞ்ச நாளில் நான் பூசியதை நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

உங்கள் இடது முழங்கை சீட்டு ஓரமாக வெளியே வந்தது, தோள் ஏறியது. எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் ரயிலில் வந்து உங்களுக்குத் தலை வாரிக் கட்டிவிட்டவள் நான். அந்தக் கை காதைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். அது எழுந்ததைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை அண்ணி. ஐயோ, கை சரியாயிடுச்சு, அண்ணி கையைத் தூக்கிட்டாங்க என்று சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அரை விநாடி இருக்குமா? அந்த அரை விநாடியில் லிவர் என் கையைத் தள்ளியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கண் ஒன்றைப் பார்த்தது, கை இன்னொன்றோடு மல்லுக்கட்டியது. நான் பாட்டுக்குச் சந்தோஷத்தோடு இழுத்துக்கொண்டிருந்தேன்.

வராந்தாவில் குழுக்காரர் கேட்டபோது எனக்குப் புரிந்துவிட்டது. முழங்கையைச் சொன்னால் தோளைச் சொல்ல வேண்டும். தோளைச் சொன்னால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். காரில் கடைசி என்று மிரட்டியவளும் நான்தான், அந்த ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றப் போய் ஒரு மனுஷரின் சாவியைப் பிடுங்கியவளும் நான்தான். சாவியை வாங்கியது உங்கள் கடிதம் வரும்வரை தெரியாது. தெரிந்த பிறகும் "எங்கே போனாலும் வேலை கிடைக்கும்" என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

அனுப்புங்கள். என் பங்குக்கு நானும் எழுதி அனுப்பிவிட்டேன், முழங்கையோடு.

வாலு


ஏப்ரல் 17

வாலு,

குழுவின் பதில் வந்துவிட்டது. படிவத்தோடு என் உரிமத்தையும் அதே உறையில் வைத்து நானே அனுப்பியிருந்தேன், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. உனக்கு ஆறு மாதம் தடை, அதன் பிறகு பயிற்சியாளரோடு பறந்து காட்ட வேண்டும். வக்கீல் எனக்குத் தனியாக ஒரு கேள்வி எழுதியிருந்தார்: விபத்து நேரத்தில் கட்டுப்பாடு யார் கையில் இருந்தது? கிளைடரைப் பார்த்தே இராத மனுஷர்தான் சரியான கேள்வியைக் கேட்டார். "இரண்டு பேர் கையிலும். இரண்டு பேரும் சொல்லவில்லை" என்று எழுதி அனுப்பினேன்.

பட்டறைக்காரருக்குச் சாவி கிடைத்துவிட்டது. உன் அண்ணன் காரில் என்னை அழைத்துப் போனார். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து "பரவாயில்லைம்மா" என்பார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் போலிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை.

"நாலு வாரம்மா. ராத்திரி எந்திரிச்சு உக்காந்து அந்த மடிப்பை மனசுக்குள்ளயே பூட்டிப் பூட்டிப் பாப்பேன். பூட்டினேனா இல்லையான்னு" என்றார். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை. நீயும் நேரில் போய்க் கேட்க வேண்டும். கடிதத்தில் தீராது.

திரும்பும்போது மைதான ஓரம் காரை நிறுத்தச் சொன்னேன். யாரோ இறங்கிக்கொண்டிருந்தார்கள். தகடுகள் எழுந்தன, கூடவே மூக்கு ஒரு விரற்கடை தாழ்ந்தது, வேகம் கொஞ்சமும் கெடாமல் வந்து புல்லில் உட்கார்ந்தது. ஒரே ஆளின் இரண்டு கை. நான் அழுதேன். உன் அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். என் மேல் எவ்வளவு கோபப்படவும் உனக்கு உரிமை இருந்த அந்த நாளில், நீ என் கை எழுந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாய். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதுகு உடைந்ததைக்கூட எங்கே வைப்பது என்று தெரிகிறது, இதை வைக்க இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கிறது. வந்துவிடு. உன் அண்ணன் கட்டிவிடும் முடி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, கண்ணாடிக் கடையில் வேலை செய்துகொண்டு கண்ணாடி பார்க்கவே கூசுகிறது. நீ வந்து அவிழ்த்துக் கட்டு. ஒரே ஒரு நிபந்தனை. இழுப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லிவிட்டு இழு.

அண்ணி